பேய்ப் பாதையில் 53 மைல்!

பெயரைக் கேட்டாலே நெஞ்சு "திக்" என்கிறது.

"பழைய பேய்ப் பாதை!"

இப்படி ஒரு பாதை நியூசிலாந்து நாட்டில் இருக்கிறது. அங்கே பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. ஆனால், அந்தப் பாதையில் போகத் துணிவு வேண்டும். காலில் வலு வேண்டும். சைக்கிளில் "பிரேக்" நன்றாக இருக்க வேண்டும்!

ஆம், அது சைக்கிளில் போகிற பாதை. ஒரு பக்கம் செங்குத்தான மலை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நடுவே ஒற்றையடிப் பாதை போல ஒரு தடம். அந்தத் தடத்தில்தான் சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள்.

பாதையின் நீளம் 53 மைல். அதாவது 85 கிலோ மீட்டர். வேகமாகப் போகிறவர்கள் ஒரே நாளில் கடந்து விடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் 2 நாள் முதல் 4 நாள் வரை எடுத்துக்கொள்கிறார்கள். நடந்து போகிறவர்களுக்கு 5 நாள் ஆகும்.

இந்தப் பாதைக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. இதைப் போடத் தொடங்கியவர்கள் முடிக்கவில்லை. முடித்தவர்களோ, தொடங்கியவர்களைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது!

ஆற்றிலிருந்து ஆற்றுக்கு

நியூசிலாந்து, இரண்டு பெரிய தீவுகளைக் கொண்ட நாடு. அதில் தெற்குத் தீவின் வடமேற்கு மூலையில் இந்தப் பாதை இருக்கிறது. மழை கொட்டும் பிரதேசம் அது. எங்கே பார்த்தாலும் மலை, காடு, ஆறு.

அங்கே தெற்கே புல்லர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. வடக்கே மோக்கிஹினுயி என்று ஓர் ஆறு ஓடுகிறது. இரண்டும் மேற்குக் கடலில் போய் விழுகின்றன. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே பெரிய மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது.

பேய்ப் பாதை புல்லர் ஆற்றங்கரையில் லையல் என்ற இடத்தில் தொடங்குகிறது. மலை மேல் ஏறுகிறது. உச்சி வழியாகப் போகிறது. பிறகு இறங்கி, மோக்கிஹினுயி ஆற்றை ஒட்டி ஓடி, செடன்வில் என்ற சிற்றூருக்கு அருகில் முடிகிறது. மிக உயரமான இடம் ஏறக்குறைய 4,400 அடி.

இது வேறு சைக்கிள்

நாம் கடைத் தெருவுக்கு ஓட்டிப் போகும் சாதாரண சைக்கிள் இந்தப் பாதைக்கு உதவாது. பாறையில் மோதினால் சக்கரம் வளைந்துவிடும்.

இதற்கென்றே மலைச் சைக்கிள் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், 1970-களில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலை மேல் கொண்டுபோய், அங்கிருந்து கீழே ஓட்டி விளையாடினார்கள். அந்த விளையாட்டிலிருந்து பிறந்ததுதான் மலைச் சைக்கிள்.

இதன் டயர் பருமனானது. முள் முள்ளாகக் கட்டிகள் இருக்கும். அதனால் சேற்றிலும் கல்லிலும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். முன் சக்கரத்துக்கு மேலே அதிர்ச்சி தாங்கும் அமைப்பு உண்டு. கல்லில் ஏறி இறங்கும்போது அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். கைக்கு வலி இல்லை. பல "கியர்"கள் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் சின்னக் "கியர்" போட்டால், கால் வேகமாகச் சுற்றும்; சைக்கிள் மெதுவாக ஏறும்.

இத்தனை வசதி இருந்தும், பேய்ப் பாதையில் பல இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சில இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்!

காட்டுக்குள் ஒரு இடுகாடு

லையல் என்ற இடத்தில் இன்று ஊர் இல்லை. ஒரு புல்வெளி இருக்கிறது. கூடாரம் போட்டுத் தங்கலாம். கொஞ்ச தூரம் போனால் மரங்களுக்கு நடுவே பழைய கல்லறைகள் இருக்கின்றன. அவ்வளவுதான்.

ஆனால், ஒரு காலத்தில் இங்கே ஒரு ஊரே இருந்தது. ஓட்டல்கள் இருந்தன. கடைகள் இருந்தன. பள்ளிக்கூடம், மாதா கோவில் எல்லாம் இருந்தன. அந்த ஊருக்கென்று ஒரு செய்தித்தாள்கூட வெளிவந்தது!

இத்தனையும் எதனால்? தங்கத்தினால்!

1862-ம் ஆண்டில், நியூசிலாந்தின் பூர்வகுடி மக்களான மாவோரிகள் இங்குள்ள ஓடையில் தங்கம் கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியது. வெள்ளைக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடி வந்தார்கள். முதலில் ஓடை மணலை அலசித் தங்கம் எடுத்தார்கள். 1870-களில் மலையைக் குடைந்து, தங்கம் கலந்த பாறையை வெட்டினார்கள். அந்தப் பாறையை இடித்துத் தூளாக்குவதற்கு இரும்பு உலக்கைகள் கொண்ட எந்திரங்களை மலைக்குள் கொண்டுபோனார்கள்.

எந்திரம் போக வழி வேண்டுமே! அதற்காக லையலிலிருந்து காட்டுக்குள் ஒரு வண்டிப் பாதை வெட்டினார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும்தான் அவர்களிடம் இருந்த கருவிகள்.

அதே காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம், மோக்கிஹினுயி ஆற்றங்கரையிலும் தங்கம் தேடினார்கள். அங்கிருந்தும் ஒரு பாதை வெட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பாதைகளும் நடுவிலே சந்திக்க வேண்டும் என்பது திட்டம்.

சந்திக்கவே இல்லை!

தங்கம் குறைந்தது. ஆட்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். நடுவில் இருந்த மலை உச்சி வெட்டப்படாமலே நின்றுவிட்டது. லையல் ஊரும் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. கடைசியாக மிச்சம் இருந்தது ஓர் ஓட்டல். 1963-ம் ஆண்டில் அதுவும் தீப்பிடித்து எரிந்தது.

ஆள் இல்லாத ஊரைப் "பேய் ஊர்" என்று சொல்வது ஆங்கிலேயர் வழக்கம். இந்தப் பாதைக்குப் "பேய்ப் பாதை" என்று பெயர் வந்த காரணம் அதுதான்.

ஏற்றம்! ஏற்றம்!

முதல் நாள் பிரயாணம் முழுவதும் ஏற்றம்தான். லையலிலிருந்து 18 கிலோ மீட்டர் தூரம் விடாமல் ஏற வேண்டும். இது அந்தப் பழைய வண்டிப் பாதை. ஆகவே ஏற்றம் சீராக இருக்கிறது. வழியில் துருப்பிடித்த பழைய எந்திரங்கள், பாசி படர்ந்து, காட்டுக்குள் கிடக்கின்றன.

இடையிடையே மரம் இல்லாத பெரும் சரிவுகளைக் கடக்க வேண்டும். அவை பூகம்பத்தின் வேலை!

1929-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி காலையில், மர்ச்சிசன் என்ற ஊரின் பக்கத்தில் பெரும் பூகம்பம் உண்டானது. 17 பேர் மாண்டார்கள். மலைகள் சரிந்து ஆறுகளை அடைத்தன. மோக்கிஹினுயி ஆறும் அப்படி அடைபட்டது. பிறகு 1968-ம் ஆண்டு மே 24-ந் தேதி, பொழுது விடிவதற்கு முன்பு, இனங்காகுவா என்ற இடத்தில் மறுபடியும் பூகம்பம். மீண்டும் மலைகள் சரிந்தன. தங்க வேட்டைக்காரர்கள் வெட்டிய பாதை பல இடங்களில் மண்ணோடு மண்ணாகப் போயிற்று.

18 கிலோ மீட்டர் முடிந்ததும் முதல் தங்கும் குடில் வருகிறது. சைக்கிள்காரர்கள் பலர் அங்கே இளைப்பாறிவிட்டு மேலே போகிறார்கள். இன்னும் 12 கிலோ மீட்டர் போனால் இரண்டாவது குடில். அதற்குப் "பேய் ஏரிக் குடில்" என்று பெயர். பாறை விளிம்பில் அது உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு சின்ன ஏரி. அதன் உயரம் சுமார் 3,900 அடி.

இரண்டு குடில்களுக்கும் நடுவில்தான் பாதையின் உச்சி இருக்கிறது. மரங்கள் முடிந்து, வெறும் பாறையும் புல்லும் தொடங்குகின்றன. காற்று ஆளைத் தள்ளுகிறது. அங்கே சைக்கிளை விட்டு இறங்கி நடக்கிறவர்களை யாரும் கேலி செய்வதில்லை. புத்திசாலி என்றுதான் சொல்வார்கள்!

ஒரு பழைய படம்

இந்த உச்சியில் தங்க வேட்டைக்காரர்கள் பாதை போடவில்லை. அப்படியானால் போட்டது யார்?

2007-ம் ஆண்டில், வடக்கு முனையில் இருந்த உள்ளூர்க்காரர்கள் கையில் ஒரு பழைய படம் கிடைத்தது. தங்க வேட்டைக் காலத்தில் வரையப்பட்ட படம். லையலிலிருந்து மோக்கிஹினுயி வரை பாதை போகவேண்டிய வழியை அது காட்டியது.

"பாட்டன் காலத்தில் விட்டுப்போன வேலையை நாம் முடித்தால் என்ன?" என்ற எண்ணம் பிறந்தது.

எண்ணம் சுலபம். வேலை சுலபமா? ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். ஊர்க்காரர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். முதலில் இரண்டு முனைகளிலும் காடு மூடிக் கிடந்த பழைய பாதையைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்தார்கள்.

2009-ம் ஆண்டில் ஒரு நல்ல காலம் பிறந்தது. அப்போது உலகம் முழுவதும் பொருளாதார நெருக்கடி. மக்களுக்கு வேலை கொடுக்க வழி தேடிய நியூசிலாந்து அரசாங்கம், நாடெங்கும் சைக்கிள் பாதைகள் போட முடிவு செய்தது. அதற்காக 5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு பேய்ப் பாதைக்கும் கிடைத்தது.

உச்சிக்குச் சாலை கிடையாது. ஆகவே ஹெலிகாப்டரில் சாமான்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். சிறிய மண்வெட்டும் எந்திரங்கள் பாறையைக் கொத்திக்கொண்டு அடி அடியாக முன்னேறின. மழை, பனி, மண்சரிவு எல்லாம் மாறி மாறித் தடுத்தன. அவர்கள் விடவில்லை.

இறங்குவதும் சிரமம்தான்

பேய் ஏரிக் குடிலைத் தாண்டியதும் பாதை மலை முதுகின் மேல் போகிறது. இரண்டு பக்கமும் பள்ளம். அப்புறம் திடீரென்று பாதை நின்றுவிடுகிறது. எதிரே மரப் படிக்கட்டு. ஒன்றல்ல, பத்தல்ல... 302 படிகள்!

இங்கே யாரும் சைக்கிள் ஓட்ட முடியாது. தூக்கிக்கொண்டோ, பிடித்துக்கொண்டோ இறங்க வேண்டியதுதான். "நாம் சைக்கிளில் வந்தோமா, சைக்கிள் நம் மேல் வந்ததா?" என்று கேட்கத் தோன்றும்!

படி முடிந்ததும் காட்டு வழியாக நீண்ட இறக்கம். கீழே மூன்றாவது குடில். அதைக் கடந்தால் "எலும்புக் காடு" என்று பெயர் வைத்த இடம் வருகிறது. மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறைகள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கின்றன. புல் பூண்டு கிடையாது. அதன் அருகே இரண்டு குட்டி ஏரிகள். ஒன்றுக்கு "சோக ஏரி" என்று பெயர். மற்றொன்றுக்கு "சந்தோஷ ஏரி" என்று பெயர். பெயர் வைத்தவர் நல்ல வேடிக்கைக்காரராக இருந்திருக்க வேண்டும்!

அங்கிருந்து ஒரு கடைசி ஏற்றம். அதன் பிறகு பாதை மோக்கிஹினுயி ஆற்றை நோக்கி இறங்குகிறது.

வழித் துணைவர்கள்

காட்டில் புலி, சிறுத்தை கிடையாது. நியூசிலாந்தில் பாம்பும் கிடையாது. ஆனால் வேறு துணைவர்கள் உண்டு.

"கீயா" என்று ஒரு மலைக் கிளி இருக்கிறது. அது பெரிய குறும்புக்காரக் கிளி. சைக்கிள் இருக்கையைக் கொத்திக் கிழித்துவிடும். "வெக்கா" என்று ஒரு பறவை உண்டு. அதற்குப் பறக்கத் தெரியாது, திருடத் தெரியும். ரொட்டிப் பொட்டலத்தைக் கவனிக்காமல் வைத்தால் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

இரவில் கிவிப் பறவையின் குரல் கேட்கும். பகலில் ஆற்றில் நீல நிற வாத்துகளைக் காணலாம். உள்ளங்கை அகலத்தில் ஒரு வகை நத்தையும் இங்கே உண்டு. அது இலை தின்னும் நத்தை அல்ல. மண்புழுவை விழுங்கும் நத்தை!

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ஒரு சின்ன ஈதான். நின்றால் கடிக்கும். ஓட்டிக்கொண்டே இருந்தால் கடிக்காது. "நிற்காதே, போ!" என்று விரட்டுகிறது போலும்!

ஆற்றுக்கு வந்த ஆபத்து

கடைசி 17 கிலோ மீட்டர் மோக்கிஹினுயி ஆற்றின் ஓரமாகவே போகிறது. ஆறு இங்கே இரு மலைகளுக்கு நடுவே குறுகி, பாறைகளில் மோதிக்கொண்டு ஓடுகிறது. பாதை, மலையின் பக்கவாட்டில் வெட்டப்பட்டிருக்கிறது. இது தங்க வேட்டைக்காரர்கள் வெட்டிய பழைய பாதை. பூகம்பத்தில் சரிந்த இடங்களில் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பாலம் ஆடுகிறது. வெகு ஆழத்தில் தண்ணீர் தெரிகிறது.

இந்த அழகான பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் மூழ்கிப் போயிருக்கும். மயிரிழையில் தப்பியது!

ஊர்க்காரர்கள் பழைய படத்தைக் கண்ட அதே 2007-ம் ஆண்டில், மெரிடியன் என்ற மின்சார நிறுவனம் இந்த ஆற்றில் அணை கட்ட அனுமதி கேட்டது. அணையின் உயரம் 85 மீட்டர், அதாவது சுமார் 280 அடி. அணை கட்டினால் 14 கிலோ மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கும். ஆற்றோரப் பாதை அடியில் போய்விடும்.

அணை வேண்டும் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. அந்தக் கடற்கரைப் பிரதேசத்துக்கு மின்சாரம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அணை வந்தால் மின்சாரம் வரும். வேலை வரும் என்று அவர்கள் சொன்னார்கள்.

வேண்டாம் என்றவர்களோ, "அணையை வேறு இடத்திலும் கட்டலாம். போன ஆறு திரும்பி வருமா?" என்று கேட்டார்கள்.

2010-ம் ஆண்டில் அணைக்கு அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு இலாகா! மின்சார நிறுவனமும் அப்போது அரசாங்கத்தின் சொத்துதான். அரசாங்கத்தின் ஒரு கை கட்டப் பார்த்தது. மறு கை தடுக்கப் பார்த்தது!

வழக்கு முடிவதற்குள், 2012-ம் ஆண்டு மே மாதத்தில், நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது. ஆறு பிழைத்தது. பாதையும் பிழைத்தது.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பேய்ப் பாதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திறக்கப்பட்டது. 2019-ம் ஆண்டில் மோக்கிஹினுயி ஆற்றைச் சுற்றியுள்ள 64,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை, ககுராங்கி தேசியப் பூங்காவோடு அரசாங்கம் சேர்த்தது.

போக விரும்புகிறவர்களுக்கு

சைக்கிள் ஓட்டப் புதிதாகக் கற்றவர்களுக்கு இந்தப் பாதை ஏற்றது அல்ல. நியூசிலாந்தில் சைக்கிள் பாதைகளுக்குத் தரம் வகுத்திருக்கிறார்கள். முதல் தரம் குழந்தைகள்கூடப் போகக் கூடியது. பேய்ப் பாதை நான்காம் தரம். நன்றாகப் பழகியவர்கள்தான் போகவேண்டும்.

குடில்களில் படுக்கவும் சமைக்கவும் வசதி உண்டு. ஆனால், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். உணவுப் பொருளை நாமே சுமந்து போக வேண்டும். வழியில் கடை கிடையாது. பெரும்பாலான இடங்களில் கைப்பேசியும் வேலை செய்யாது. "பஞ்சர்" ஆனால் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். "செயின்" அறுந்தால் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே தட்ப வெப்பம் நொடியில் மாறும். காலையில் வெயில் அடிக்கும். மத்தியானம் மழை கொட்டும். குளிர்காலத்தில் உச்சியில் பனி விழும். ஆகவே கம்பளி உடையும் மழைக் கோட்டும் இல்லாமல் போகக்கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அங்கே அப்போதுதான் கோடை.

வேலை முடியவில்லை

பாதை திறந்தாகிவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. அது முடியவும் முடியாது!

பெருமழை பெய்தால் மண் சரிகிறது. மரம் குறுக்கே விழுகிறது. ஓடை பாலத்தை அரிக்கிறது. அறக்கட்டளைக்காரர்கள் உடனே மண்வெட்டியோடு போகிறார்கள். குடில்களில் தங்குகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் இந்தப் பராமரிப்புக்குப் போகிறது. சைக்கிள்காரர்களே சில சமயம் மண்வெட்டி பிடிக்கிறார்கள்.

தங்கம் தேடி வந்தவர்கள், தங்கம் தீர்ந்ததும் பாதையை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாதையால் ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் வந்து, அதை முடித்து வைத்தார்கள். இன்றும் அவர்கள்தான் காத்து வருகிறார்கள்.

ஊரார் கூடிச் செய்கிற வேலைக்கு முடிவு ஏது?